சென்சார் சிறுக்கும்போது பொருள் ஏன் மாறுகிறது: மீயொலி, கதிர்வீச்சு உணரிகளின் உள்ளே

உணர்திறன் பல மடங்கு கூடிய புதிய படிகம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவியல் பக்கங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் வயிற்று ஸ்கேன் எடுக்கும் கருவியின் புரோப்பை, அதாவது உடலில் வைத்து நகர்த்தும் கைப்பிடியைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 1950-களில் உருவான ஒரு பீங்கான்தான். சரக்குகளில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் கையடக்கக் கருவிகள் பலவற்றில் 1948-ல் வழக்கத்துக்கு வந்த சோடியம் அயோடைடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், 2019-ல் வந்த கேலக்ஸி எஸ்10 கைபேசியின் திரைக்கு அடியில் உள்ள மீயொலிக் கைரேகை உணரியிலும், 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதுவகை சி.டி. ஸ்கேனரிலும் இந்தப் பழைய பொருள்கள் இல்லை. அப்படியானால் எது எங்கே வெல்கிறது, ஏன்?

உணர்திறன் எண் எவ்வளவு பெரியது என்பது இந்தப் போட்டியில் பாதிக் கதைதான். உணரி சிறுக்கச் சிறுக்க, அந்தப் பொருள் பக்கத்தில் உட்காரும் சிலிக்கான் சில்லோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான அடிப்படை

மீயொலி உணரியும் கதிர்வீச்சு உணரியும் வேறு வேறு உலகங்கள் போலத் தெரியும். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் துளி ஆற்றலைக் கொஞ்சம் மின்னூட்டமாக மாற்றுவது.

1. மீயொலி என்பது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, காதுக்கு எட்டாத ஒலி. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். இதை 1880-ல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். இதுதான் அழுத்தமின் விளைவு, புழக்கத்தில் 'பீசோ'. மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் சுருங்கி விரியும். ஆகவே ஒரே துண்டு ஒலியை அனுப்பவும் செய்யும், திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்கவும் செய்யும். ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிகோகூலும் (கூலும் என்ற மின்னூட்ட அலகில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னூட்டம் கிடைக்கிறது என்பதே பீசோ எண்.

2. எக்ஸ் கதிரும் காமா கதிரும் ஆற்றல் பொதிகளாக வருகின்றன. இந்தப் பொதிகளுக்குப் போட்டான் என்று பெயர். போட்டான் ஒரு குறைக்கடத்தியில் மோதினால் எலக்ட்ரான்களைப் பெயர்த்துவிடும்; அவை விட்டுச்செல்லும் காலியிடம் 'துளை'. இந்த எலக்ட்ரான்-துளை இணைகளை மின்புலத்தால் இழுத்து எண்ணுவது நேரடி முறை. போட்டானை முதலில் படிகத்தில் ஒளிச் சிமிட்டலாக மாற்றி, அந்த ஒளியை இன்னொரு கருவியால் பிடிப்பது மறைமுக முறை. அப்படிச் சிமிட்டும் பொருள்தான் சின்டிலேட்டர்.

3. இரண்டிலும் கிடைக்கும் மின்னூட்டம் அற்பமானது. சீசியம்-137 வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.). அது முழுவதும் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற குறைக்கடத்தியில் அடங்கினாலும் கிடைப்பது சுமார் 1,43,000 எலக்ட்ரான்கள். கூலும் கணக்கில் 0.023 பிகோகூலும்.

இந்தத் துளியை எப்படி இழக்காமல் சில்லிடம் சேர்ப்பது என்பதில்தான் பொருளறிவியல் உள்ளே வருகிறது.

மீயொலியில் சிறுமை என்றால் மெலிவு

உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடுகிறது. 5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 0.3 மி.மீ.; 40 மெகாஹெர்ட்ஸில் 0.04 மி.மீ.க்கும் கீழே. அலைநீளத்தைவிடச் சிறிய விவரத்தைப் படத்தில் பிரித்துக் காட்டுவது கடினம். நுணுக்கம் வேண்டுமானால் அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் திசு ஒலியை வேகமாக விழுங்கும். அதனால்தான் வயிற்றுக்குக் குறைந்த அதிர்வெண், இதய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் வடிகுழாயின் நுனிக்கு 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ்.

வழக்கமான பீசோ தகட்டில் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அதன் தடிமன். தகட்டுக்குள் அரை அலை அடங்க வேண்டும். 5 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைந்த பீங்கான் போதும். 40 மெகாஹெர்ட்ஸ் என்றால் 50 மைக்ரான் அளவுக்குத் தேய்த்து எடுக்க வேண்டும்.

அதோடு முடிவதில்லை. நல்ல படம் வேண்டுமானால் இந்தத் தகட்டைப் பல கீற்றுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்க வேண்டும். கீற்றுகளுக்கிடையே தூரம் ஏறத்தாழ அரை அலைநீளம் இருக்க வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸில் அது 19 மைக்ரான். வெட்டும் வைர ரம்பத்தின் வெட்டு அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. ரம்பம் போனால் பொருளே மிஞ்சாது! அறுத்து ஒட்டும் தொழில் இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது. அணுப்படலங்களாகப் படிய வைத்து, சில்லு செய்யும் அதே முறையில் பொறித்து எடுக்கும் பொருள் தேவைப்படுகிறது.

இன்னொரு தடை ஒலி மறுப்பு. அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கினால் வருவது இது. பீங்கானுக்குச் சுமார் 33, தண்ணீருக்கும் திசுவுக்கும் 1.5, காற்றுக்கு 0.0004. இரண்டு பொருள்களின் மறுப்பு எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு ஒலி எல்லையிலேயே திரும்பிவிடும். பீங்கானிலிருந்து திசுவுக்குப் போவது ஏறத்தாழ 17 விழுக்காடு ஆற்றல்தான். காற்றுக்கு 0.005 விழுக்காடு. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுவது இதற்காகத்தான்: இடையில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. புரோப் செய்பவர்கள் பீங்கானுக்கு முன்னால் இணக்கப் படலங்களை ஒட்டுகிறார்கள். பீங்கானைக் கீறி இடைவெளிகளில் எபாக்ஸி பிசினை நிரப்பி மறுப்பு எண்ணையும் குறைக்கிறார்கள். சிறிய அளவில் இரண்டுமே தலைவலி.

பெரிய எண் ஏன் தோற்கிறது

அலசிப் பார்க்க வேண்டிய இடம் இது. செய்திகளில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பீசோ எண்களை வரிசையாக வைத்தால் இப்படி இருக்கும்: குவார்ட்ஸ் 2.3. அலுமினியம் நைட்ரைடு சுமார் 5. பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலம் 20 முதல் 30. லெட் சிர்க்கோனேட் டைட்டனேட், அதாவது பிஇசட்டி என்ற பீங்கானின் மென்வகை 590-ஐத் தொடும். 1990-களின் பிற்பகுதியில் வந்த பிஎம்என்-பிடி என்ற ஒற்றைப் படிகம் 2,000-ஐத் தாண்டும். பார்த்தவுடன் அலுமினியம் நைட்ரைடைக் குப்பையில் போடத் தோன்றும். ஆனால் மீயொலிச் சில்லு செய்பவர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

காரணம், சில்லுக்கு வேண்டியது மின்னூட்டம் அல்ல, மின்னழுத்தம். ஒரே டம்ளர் தண்ணீரைக் குறுகிய சோதனைக்குழாயில் ஊற்றினால் மட்டம் உயரும், அகன்ற தாம்பாளத்தில் ஊற்றினால் தரை நனையும், அவ்வளவுதான். மின்னூட்டம் தண்ணீர் என்றால் மட்டம்தான் மின்னழுத்தம். பாத்திரத்தின் அகலம் மின்தேக்குத்திறன். அந்த அகலத்தைப் பொருளின் மின்காப்பு மாறிலி தீர்மானிக்கிறது.

1. மென்வகை பிஇசட்டியின் மாறிலி சுமார் 3,400. பீசோ எண் 590-ஐ இதனால் வகுத்தால் 0.17.

2. அலுமினியம் நைட்ரைடின் மாறிலி சுமார் 10. பீசோ எண் 5-ஐ வகுத்தால் 0.5.

3. ஆகவே ஒலியைக் கேட்கும் வேலையில், நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பீசோ எண் உள்ள பொருள் மூன்று மடங்கு மின்னழுத்தம் தருகிறது. பிவிடிஎஃப் இதையும் மிஞ்சும்: அதன் மாறிலி சுமார் 12, வகுத்தால் 2 அளவில் வரும். கைபேசித் திரைக்கு அடியில் அதன் உறவினமான ஒரு பாலிமர் படலம் இடம்பிடித்ததில் வியப்பில்லை. பெரிய கண்ணாடிப் பரப்பில் படலமாகப் பூசவும் முடியும்.

4. ஒலியை அனுப்பும்போது கணக்கு தலைகீழ். கொடுத்த வோல்ட்டுக்கு எவ்வளவு விரிகிறது என்பதைப் பீசோ எண்ணே முடிவு செய்கிறது. அங்கே பிஇசட்டிதான் ராஜா.

இந்தச் சாதகத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்துக்கு 0.1 மி.மீ., தடிமன் ஒரு மைக்ரான் கொண்ட அலுமினியம் நைட்ரைடு சதுரத்தின் மின்தேக்குத்திறன் 0.9 பிகோஃபாரட். ஸ்கேன் கருவியின் வழக்கமான கோஆக்ஸியல் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு விழுங்கும். இந்தச் சதுரத்தை ஒரு மீட்டர் கேபிளில் கட்டினால் அரும்பாடுபட்டுப் பெற்ற மின்னழுத்தம் நூறில் ஒன்றாகச் சரியும். பெருக்கி உணரிக்குத் தொட்டடுத்து, அதே சில்லில் இருந்தே ஆக வேண்டும். ஆய்வகத்தில் தனித் துண்டாக அளந்த எண்ணை வைத்துக் கருவியின் தரத்தை ஊகிக்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

சில்லோடு சேர்ந்து வாழ்வது

அதே சில்லில் என்று எழுதுவது எளிது. பிஇசட்டி படலம் சரியான படிகமாக 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வெப்பம் கேட்கும். முடிந்த மின்சுற்று உள்ள சிலிக்கான் தகடு 400 டிகிரிக்கு மேல் போனாலே அதன் உலோக இணைப்புகள் கெட ஆரம்பிக்கும். மேலும் பிஇசட்டியின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம். சில்லு ஆலைகள் அதைத் தங்கள் இயந்திரங்களுக்குள் விடத் தயங்குகின்றன. அலுமினியம் நைட்ரைடை 400 டிகிரிக்குக் கீழேயே படிய வைக்கலாம், ஈயமும் இல்லை. கைபேசிகளின் ரேடியோ வடிகட்டிகளில் ஏற்கெனவே பெருமளவில் புழங்குவதால் அதைச் செய்யும் இயந்திரங்களும் கைப்பழக்கமும் தயாராக இருந்தன.

2009-ல் ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வகத்தில் அகியாமாவின் குழு அலுமினியத்தில் ஒரு பகுதியை ஸ்கேண்டியத்தால் மாற்றியது. 43 விழுக்காடு ஸ்கேண்டியத்தில் பீசோ எண் 27.6-ஐ எட்டியது, ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதற்கு மேல் சேர்த்தால் படிகம் வேறு வடிவத்துக்குத் தாவி, பீசோ குணமே போய்விடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிஇசட்டிகூட, அதிலுள்ள சிர்க்கோனியமும் டைட்டானியமும் 52-க்கு 48 என்ற விகிதத்தில் இருக்கும்போது, இரண்டு படிக வடிவங்களின் எல்லைக்கோட்டில்தான் உச்சம் தொடுகிறது. பிஎம்என்-பிடியும் அப்படியே. எந்த வடிவத்தில் இருப்பது என்று தடுமாறும் படிகம் சின்னத் தள்ளுதலுக்கும் நன்றாக அசைந்து கொடுக்கிறது. அந்தத் தடுமாற்றம்தான் உணர்திறன். அதே தடுமாற்றம் வெப்பத்துக்கும் ஆடும். பிஎம்என்-பிடி 90 டிகிரி அளவிலேயே குணம் மாறத் தொடங்கும். சாதாரண பிஇசட்டி 350 டிகிரி அளவில்தான் பீசோ குணத்தை முழுதாக இழக்கும். எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் லித்தியம் நயோபேட் 1,100 டிகிரியையும் தாண்டித் தாங்கும், ஆனால் எண்ணிக்கையில் சுமார்தான். பெரிய பீசோ எண்ணைப் பற்றிய செய்தியைப் பார்த்தால் எந்த வெப்பநிலை வரை என்று உடனே கேட்பது நல்லது.

படலம் கிடைத்தாலும் தடிமனால் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் பழைய வழி இங்கே உதவாது. சிலிக்கானில் ஒரு குழியைக் குடைந்து, மேலே மெல்லிய தோல் போன்ற சவ்வை விட்டு, அதன் மேல் பீசோ படலத்தைப் பூசுகிறார்கள். சவ்வு மேளத்தின் தோல்போல வளைந்து அதிர்கிறது. அதிர்வெண்ணைச் சவ்வின் விட்டமும் தடிமனும் முடிவு செய்கின்றன. சவ்வு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் ஒலி மறுப்புச் சிக்கலும் பெரிதும் தணிகிறது.

பீசோ பொருளே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. சவ்வுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டு, மின்தேக்கியாகவே இயக்குவது. 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் குரி-யாகூப்பின் குழு இதை வளர்த்தெடுத்தது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டர்ஃப்ளை ஐக்யூ என்ற கையடக்கப் புரோப் இந்த வகை. ஒரே சில்லில் சுமார் 9,000 நுண்ணுணரிகள், 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை. வழக்கமாக வயிறு, இதயம், ரத்தக்குழாய் என்று மூன்று புரோப் செய்யும் வேலையை ஒன்றே செய்கிறது. அதற்கு ஈடாக, சவ்வை விறைப்பாக வைத்திருக்க எப்போதும் கணிசமான, திசை மாறாத மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கதிர்வீச்சில் மெலிவுக்கு இடமில்லை

கதிர்வீச்சுப் பக்கம் வந்தால் விதி மாறுகிறது. போட்டான் பொருளுக்குள் நின்றால்தான் சமிக்ஞை. தடுத்து நிறுத்தும் திறன் அணு எண்ணோடு செங்குத்தாக ஏறுகிறது. எக்ஸ் கதிரை முழுதாக விழுங்கும் நிகழ்வு அணு எண்ணின் நான்காம் படிக்கும் மேலாக வளர்கிறது.

சிலிக்கானின் அணு எண் 14. அரை மி.மீ. சிலிக்கான் தகட்டில் 60 கி.எ.வோ. எக்ஸ் கதிரை விட்டால் சுமார் 4 விழுக்காடுதான் மோதும், மீதி கடந்து போகும். காட்மியம் 48, டெல்லூரியம் 52. காட்மியம் டெல்லுரைடில் 1.6 மி.மீ. தடிமன் இருந்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் நின்றுவிடும். சீசியத்தின் 662 கி.எ.வோ. கதிருக்கோ இதே பொருளில்கூட பாதியைத் தடுக்க ஒன்றரை செ.மீ. வேண்டும். அதற்குக் கீழே எந்தச் சாமர்த்தியமும் செல்லாது.

அடுத்தது வெப்பம். ஜெர்மானியம் ஆற்றலை அளப்பதில் இன்றும் முதலிடம். ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைப் பெயர்க்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல், வெறும் 0.67 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்திலேயே எலக்ட்ரான்கள் தாமாகத் துள்ளி இரைச்சல் போடும். திரவ நைட்ரஜன் அளவுக்கு, மைனஸ் 196 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்விக்க வேண்டும். காட்மியம் டெல்லுரைடுக்கு இடைவெளி 1.44. துத்தநாகம் சேர்த்த வகைக்கு, அதாவது சிஇசட்டிக்கு, 1.57 அளவு. அறை வெப்பத்திலேயே அமைதியாக இருக்கும். சட்டைப்பையில் அடங்கும் கருவி சாத்தியமானது இதனால்தான்.

எட்டு கி.எ.வோ. வித்தியாசம்

ஆற்றலைத் துல்லியமாக அளப்பது எதற்கு, கதிர்வீச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதாதா? போதாது. தைராய்டு சிகிச்சைக்கு அயோடின்-131 எடுத்துக்கொண்ட ஒருவர் சில நாள் கழித்து விமான நிலையம் வழியாகப் போனால் எச்சரிக்கை மணி அடிக்க வாய்ப்பு உண்டு. அவர் உடலிலிருந்து வரும் முக்கியக் கதிர் 364 கி.எ.வோ. பேரியம்-133 என்ற தொழிற்துறைக் கதிர்மூலத்தின் முக்கியக் கதிர் 356. இடைவெளி 8 கி.எ.வோ.

சின்டிலேட்டரான சோடியம் அயோடைடு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஒளித்துகள்கள் சிமிட்டும். அவற்றில் ஒரு பகுதியே ஒளியுணரியில் எலக்ட்ரானாக மாறும். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடிக் குறையும். படிகத்தின் சிமிட்டலும் ஆற்றலுக்குச் சரியான விகிதத்தில் இருப்பதில்லை. எந்த ஆற்றலில் எத்தனை போட்டான் வந்தது என்று வரைபடம் போட்டால், ஒவ்வொரு கதிரும் ஓர் உச்சியாகத் தெரியும். ஆகவே 360 கி.எ.வோ. அருகில் அதன் உச்சி சுமார் 30 கி.எ.வோ. அகலத்துக்குப் பரந்து கிடக்கும். இரண்டு கதிர்மூலங்களும் ஒரே மேடாகத் தெரியும். நல்ல சிஇசட்டியில் அதே உச்சி 5 கி.எ.வோ. அளவுக்குச் சுருங்கும், இரண்டும் தனித்தனிச் சிகரமாக நிற்கும். மணி அடித்ததும் ஆளை வழியனுப்புவதா, நிலையத்தையே காலி செய்வதா என்பது இந்த உச்சியின் அகலத்தில் இருக்கிறது.

சிறிதாக்கியதே மருந்தான கதை

சிஇசட்டிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எலக்ட்ரான்கள் அதில் வேகமாக ஓடும். துளைகள் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாக நகரும், வழியில் படிகக் குறைகளில் மாட்டிக்கொள்ளும். போட்டான் எந்த ஆழத்தில் மோதியதோ அதைப் பொறுத்து சமிக்ஞை மாறும்; ஒரே ஆற்றலுக்குப் பல விடை.

படிகத்தை வளர்ப்பதும் எளிதல்ல. உருகிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல உறைய வைக்கும்போது டெல்லூரியம் சிறு சிறு குமிழ்களாக உள்ளே தங்கிவிடும். பெரிய, குறையற்ற ஒற்றைப் படிகம் கிடைப்பது அரிது. விலை இறங்காததற்கு இதுவே காரணம்.

துளைச் சிக்கலுக்கான மருந்து பொருளிலிருந்து வரவில்லை, மின்முனையின் வடிவத்திலிருந்து வந்தது. 1938-39-ல் ஷாக்லியும் ராமோவும் தனித்தனியாகக் காட்டிய ஒரு விதி இருக்கிறது: மின்னூட்டம் மின்முனையை வந்து தொடும் கணத்தில் மட்டும் சமிக்ஞை பிறப்பதில்லை, நகரும் வழியெல்லாம் அது மின்முனையில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மின்முனையை ஒரே பெரிய தகடாக வைத்தால் துளைகளின் தடுமாற்றமும் சமிக்ஞையில் கலக்கும். அதையே படிகத்தின் தடிமனைவிட மிகச் சிறிய சதுரங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு சதுரமும் தன்னை நெருங்கி வரும் எலக்ட்ரான்களை மட்டுமே கவனிக்கும். தூரத்தில் மாட்டிக்கொண்ட துளைகள் அதன் கண்ணில் படுவதில்லை. இந்தச் சதுரத்தை, அதாவது பிக்சலைச் சிறிதாக்க மின்தேக்குத்திறனும் குறைகிறது. மீயொலியில் பார்த்த அதே கணக்கு. 0.023 பிகோகூலும் என்பது ஒரு பிகோஃபாரட்டில் 23 மில்லிவோல்ட், நூறு பிகோஃபாரட்டில் கால் மில்லிவோல்ட்கூட இல்லை.

2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்கலத்தில் 32,768 சிஇசட்டி துண்டுகள் அடுக்கப்பட்டன. 2015-ல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டிலும் சிஇசட்டி படமாக்கி உண்டு. பூமியில் இந்தக் குடும்பத்தின் பெரிய வெற்றி போட்டான் எண்ணும் சி.டி. ஸ்கேனர். 2021 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற சீமென்ஸின் நேயோடாம் ஆல்ஃபா காட்மியம் டெல்லுரைடில் ஓடுகிறது. பழைய ஸ்கேனரில் சின்டிலேட்டர் துண்டுகளுக்கு இடையே ஒளி கசியாமல் தடுப்புச் சுவர்கள் வேண்டும். அந்தச் சுவர்கள் விழுங்கும் எக்ஸ் கதிர் நோயாளியின் உடலைக் கடந்தும் வீண். நேரடி முறையில் சுவரே தேவையில்லை, ஒவ்வொரு போட்டானின் ஆற்றலும் பதிவாகிறது. ஆனால் சி.டி.யில் ஒரு சதுர மில்லிமீட்டரில் நொடிக்குக் கோடிக்கணக்கில் போட்டான்கள் கொட்டுகின்றன. மாட்டிக்கொண்ட துளைகள் குவிந்து உள்ளே இருக்கும் மின்புலத்தையே சாய்த்துவிடும். விண்கலத்தில் சமாளித்த படிகம் சி.டி.யில் சமாளிக்காமல் போகலாம்.

சின்டிலேட்டரின் இரண்டாம் வாழ்வு

இவ்வளவு சொன்னபின் சின்டிலேட்டர் காலாவதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதைக் கட்டிப்போட்டிருந்தது படிகத்தைவிட அதன் துணையான ஒளிப்பெருக்கிக் குழாய்தான்: கண்ணாடி வெற்றிடக் குழாய், சுமார் ஆயிரம் வோல்ட், காந்தப்புலம் பட்டால் குழம்பிவிடும். அதன் இடத்தில் சிலிக்கான் ஒளிப்பெருக்கி வந்தது. ஒற்றை ஒளித்துகளுக்கே பொங்கி எழும் ஆயிரக்கணக்கான நுண்டையோடுகளின் தொகுப்பு இது. 30 வோல்ட் சுமாரில் ஓடும், காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது. பெட் ஸ்கேனையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே கருவியில் இணைக்க முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பநிலை ஏறினால் பொய்யாகவும் பொங்கும் என்பது இதன் குறை.

படிகங்களும் முன்னேறின. 2001-ல் வெளிவந்த லாந்தனம் புரோமைடு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 60,000-க்கு மேற்பட்ட ஒளித்துகள்களை 16 நானோநொடி அளவில் கொட்டித் தீர்க்கும். சீசியம் உச்சியின் அகலம் 3 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. லாந்தனத்திலேயே இயற்கையாகக் கொஞ்சம் கதிரியக்கம் இருப்பதால் கருவி தன்னைத்தானே சற்று அளந்துகொள்ளும் என்பது ஒரு வேடிக்கை.

அளவைக் குறைப்பது எப்போதும் லாபமும் அல்ல. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 8 மி.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு சீசியம்-137 வில்லை, 1,400 கி.மீ. பயணத்தில் லாரியிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது. பிப்ரவரி 1 அன்று, 70 கி.மீ. வேகத்தில் ஓடிய வண்டியில் இருந்த உணரிகள் அதைக் கண்டுபிடித்தன. ஒரு சதுர செ.மீ. பரப்புள்ள உணரி பத்து மீட்டர் தள்ளி நின்றால், அந்த வில்லை எல்லாத் திசையிலும் வீசும் கதிரில் ஒன்றேகால் கோடியில் ஒரு பங்கே அதன்மேல் விழும். ஓடும் வண்டியிலிருந்து தேடும் வேலைக்குப் பெரிய, மலிவான சின்டிலேட்டர்தான் பொருத்தம். கிடைத்ததை என்னவென்று அடையாளம் காண்பது சிறிய சிஇசட்டியின் வேலை.

ஈயம் என்ற முடிச்சு

இரண்டு துறைகளும் இப்போது ஒரே தனிமத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதிகள் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பீசோ பீங்கான்களுக்கு விலக்கு நீட்டிக்கப்பட்டு வருகிறது. சமமான மாற்று கைக்கு வரவில்லை என்பதே காரணம். 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம் சோடியம் நயோபேட் குடும்பத்தில் 416 என்ற பீசோ எண்ணைக் காட்டினார்கள். ஆனால் அதற்குப் படிகத் துணுக்குகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்குமாறு வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகித் தப்பிப்பதால் ஒவ்வொரு சூளையிலும் ஒரே குணத்தை வரவழைப்பது சிரமம்.

கதிர்வீச்சுப் பக்கம் நிலைமை எதிர்மாறு: அங்கே ஈயம் விரும்பியே சேர்க்கப்படுகிறது. அதன் அணு எண் 82, கதிரைத் தடுக்க அதுதான் பலம். சீசியம் லெட் புரோமைடு என்ற பெரோவ்ஸ்கைட் படிகம், 2013-ல் இந்தப் பயனுக்கு முன்வைக்கப்பட்டு, 2021-க்குள் சீசியம் உச்சியில் 1.4 விழுக்காடு அகலத்தைத் தொட்டுவிட்டது. சிஇசட்டியைப் போல அடம்பிடிக்காமல் வளர்கிறது, குறைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. துளைகளும் நன்றாகவே ஓடுகின்றன. இடைஞ்சல் வேறு இடத்தில்: மின்புலம் கொடுத்தால் எலக்ட்ரான்களோடு படிகத்தின் சொந்த அயனிகளும் மெல்ல நகரத் தொடங்கும். அதனால் அடிமட்ட மின்னோட்டம் நேரம் போகப்போக நிலை பெயர்கிறது; இன்று அளந்த உச்சி சில நாள் கழித்து வேறு இடத்தில் நிற்கலாம். ஈயத்தை எடுத்துவிட்டு, தனிம அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் பிஸ்மத்தைப் போட்டும் பார்த்தார்கள். 2017-ல் சீசியம் சில்வர் பிஸ்மத் புரோமைடு எக்ஸ் கதிர் உணரியாக வேலை செய்தது. ஈயப் படிகத்தோடு ஒப்பிட்டால் மின்னூட்டம் அதில் மந்தமாகத்தான் நகர்கிறது.